பனம்பாளைக்குப் போகிற சர்க்கரை: உடன்குடிப் பக்கம் ஒரு விடிலியின் பதநீரும் கருப்பட்டியும்

மூன்று வருடமாகக் கருப்பட்டி வாங்க ஒரே இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் போகும் சாலையில் இடது பக்கம் ஒரு மண்பாதை இறங்கும். அதில் பத்து நிமிடம் நடந்தால் தேரி என்கிற செம்மணல் மேட்டுக்குள் ஒரு விடிலி, அதாவது கருப்பட்டி காய்ச்சுகிற குடிசை வரும். பெயர்ப்பலகை கிடையாது. பனையோலை வேய்ந்த கூரை, உள்ளே ஒரு நீள அடுப்பு, அதன் மேல் கரி படிந்த அகலமான காய்ச்சுத் தாச்சி, வாசலில் கவிழ்த்து அடுக்கிய சிரட்டைகள். அண்ணாச்சி மரம் ஏறுவார், அக்கா காய்ச்சுவார். கடையில் கிடைக்கிற கருப்பட்டிக்கும் இவர்களிடம் வாங்குவதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுக்கிறவள். அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் மரத்தின் பக்கம் சாயும். ஆனால் பனையில் மரத்தை விட்டுவிட்டுக் கருப்பட்டியை மட்டும் பேச முடியாது. அங்கே போன பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

முதலில் பதநீர். பங்குனி கடைசியிலிருந்து ஆனி வரை எந்தக் காலையில் போனாலும் கிடைக்கும், ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். பச்சைப் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்துத் தருவார்கள். அதில் ஊற்றிக் குடிக்கும்போது ஓலையின் பச்சை வாசனையும் பதநீரின் இனிப்பும் சேர்ந்து வரும். எவர்சில்வர் டம்ளரில் குடித்தால் அந்த வாசனை இல்லை, இரண்டையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டை 30 ரூபாய் வாங்கினார்கள், தாராளமாக இரண்டு டம்ளர் வரும். குமரி மாவட்டத்துக்காரர்கள் இதையே அக்கானி என்பார்கள்.

பள்ளி ஆய்வகத்துக்காக வாங்கிய சின்ன ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. கண்ணாடி மேல் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கரைந்திருக்கும் சர்க்கரை நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். போன வருடம் சித்திரையில் ஒரு காலை பார்த்தபோது 13. அடுத்த வாரம் போனபோது 11-தான் காட்டியது. "ராத்திரி ஒரு தூத்தல் போட்டுச்சு டீச்சர், கலயத்துக்குள்ள மழத்தண்ணி எறங்கியிருக்கும்" என்று அக்கா கேட்காமலேயே சொன்னார். அன்றைக்குப் பட்டைக்கு 25 ரூபாய்தான் எடுத்துக்கொண்டார். இந்த நேர்மையை முதல் மதிப்பெண்ணாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 13 எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

பதநீர் என்பது பனை தன் பூவுக்கு அனுப்புகிற சாப்பாடு. இலை வெயிலில் சமைத்த சர்க்கரை சுக்ரோஸ் வடிவத்தில், உணவைக் கடத்துகிற புளோயம் என்ற திசுவின் சல்லடைக்குழாய்களில் ஏறுகிறது. சர்க்கரை ஏறியதும் பக்கத்திலிருந்து தண்ணீரும் உள்ளே வருகிறது, அங்கே அழுத்தம் கூடுகிறது. எந்தப் பக்கம் சர்க்கரை செலவாகிறதோ அந்தப் பக்கம் அழுத்தம் குறைவு. கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சாறு தானாக ஓடும். எர்ன்ஸ்ட் மன்ச் என்ற ஜெர்மன்காரர் 1930-ல் முன்வைத்த விளக்கம் இது. நம் பாடப்புத்தகத்தில் சர்க்கரை உண்டாகும் இடம் தோற்றுவாய், அது போய்ச் சேரும் இடம் தேக்கிடம் என்று இருக்கும். இருபது வருடமாக அந்த இரண்டு வார்த்தைகளையும் கரும்பலகையில் எழுதி நடுவில் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன். பனை உச்சியில் தொங்குகிற கலயத்தில் டொப் டொப் என்று விழுகிற சத்தத்தைக் கீழே நின்று கேட்ட அன்றுதான் அந்த அம்புக்குறிக்கு எனக்கு அர்த்தம் கிடைத்தது. பூக்கப்போகிற பாளைதான் அந்த மரத்தின் பெரிய தேக்கிடம். அண்ணாச்சி அதன் நுனியைச் சீவிவிடுகிறார், பூவுக்கு வந்த சாறு கலயத்துக்கு வருகிறது.

ஆனால் பூக்காம்பை வெட்டினால் பெரும்பாலான செடிகளில் இப்படி வடிவதில்லை. ரோஜாக் காம்பை வெட்டினால் கொஞ்சம் ஈரம் தெரியும், அவ்வளவுதான். காயம் பட்டதும் சல்லடைக்குழாய்க்குள் குறுக்கே இருக்கும் சல்லடைத்தட்டின் துளைகளைப் புரதமும் கேலோஸ் என்ற பொருளும் அடைத்துவிடுகின்றன. செடி தன் சர்க்கரையைச் சிந்தவிடாமல் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. பனையிலும் வெட்டுவாய் அடைபடும். அதனால்தான் தினமும் சீவ வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி ஒரு மரத்துக்குக் காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறுகிறார். ஒவ்வொரு தடவையும் பாளை அருவாளால் வெற்றிலை கனத்துக்கு ஒரு சீவல், அவ்வளவுதான் எடுக்கிறார். "ஆழமா வெட்டுனா பாளை சீக்கிரம் தீந்துபோவும். வெட்டாம விட்டா அடச்சுக்கிடும். ரெண்டுக்கும் நடுவுல போகணும்" என்றார். புரதம், கேலோஸ் என்ற பெயரெல்லாம் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை.

சீவுவதற்கு முன்னால் செய்கிற வேலையும் இருக்கிறது. பாளை வெளியே வந்ததும் கடிப்பால் அதை இடுக்கிப் பதமாக நசுக்கிக்கொண்டே வர வேண்டும். கடிப்பு என்பது இரண்டு கட்டைகள் சேர்ந்த பெரிய இடுக்கி மாதிரி. அலகுப்பனைக்கு ஒரு கடிப்பு, பருவப்பனைக்கு வேறு. அலகுப்பனை ஆண், அதன் பாளை நீள நீள விரல்களாக இருக்கும், அவற்றைச் சேர்த்துக் கட்டிவிடுவார். பருவப்பனை பெண், அதில் குரும்பை இருக்கும் என்பதால் பிடிக்கும் விதமே வேறு. சில நாள் இப்படிப் பதம் பண்ணிய பிறகுதான் முதல் சொட்டு வரும். அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலில் தளைநார் மாட்டிக்கொண்டு ஐம்பது அறுபது அடி உயரத்தில் இதைச் செய்கிறார். கீழிருந்து பார்க்கிற எனக்கு வயிறு கலங்கும்.

சீவி எறிந்த ஒரு துண்டைப் பொறுக்கி என் பத்து மடங்கு லென்ஸில் வைத்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் வில்லை. அதில் ஊசியால் குத்தியதுபோலப் புள்ளிகள், பரவலாக, ஓர் ஒழுங்கும் இல்லாமல். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வாஸ்குலார் கற்றை, அதாவது தண்ணீரும் சாறும் ஓடுகிற குழாய்களின் கட்டு. துடைத்துவிட்டுப் பார்த்தால் சற்று நேரத்தில் மறுபடி அந்தப் புள்ளிகளின் மேல் ஈரம் பளபளக்கிறது. நாக்கில் வைத்தேன், இனித்தது. மாமரத்தில் புளோயம் பட்டைக்குள் ஒரு வளையமாக இருக்கும். கிளையைச் சுற்றிப் பட்டையை வளையமாக எடுத்துவிட்டால் சர்க்கரை கீழே இறங்க வழியில்லாமல் கிளையிலேயே தங்கும், அப்படிச் செய்து பூக்கவைக்கிற தோட்டக்காரர்கள் உண்டு. பனையில் அந்த வித்தை பலிக்காது, கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இன்னொன்று. மாமரம் புதுப் புளோயத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பனைக்கு அந்த வசதி இல்லை. அடித்தண்டில் இருக்கும் சல்லடைக்குழாய் மரம் இருக்கும் வரை உயிரோடு வேலை செய்தாக வேண்டும். அண்ணாச்சியின் தாத்தா ஏறிய மரங்கள் அந்தத் தேரியில் நிற்கின்றன. அதே குழாய்களில் ஓடி வந்த சாற்றைத்தான் நான் குடித்தேன் என்று நினைக்கும்போது மனம் நிறைந்துவிடுகிறது.

இவ்வளவு சர்க்கரையும் அன்றன்றைக்கு ஓலை சமைத்ததா? முழுக்க அப்படி இல்லை. பனை வகை மரங்கள் தண்டுக்குள் ஸ்டார்ச்சாகச் சேமித்து வைத்து, பூக்கிற காலத்தில் அதைச் சர்க்கரையாக மாற்றி மேலே அனுப்பும். இதைக் கண்கூடாகப் பார்க்க வேண்டும் என்றால் தாளிப்பனையைப் பார்க்க வேண்டும். அது பல பத்து வருடங்கள் சேர்த்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை உச்சியில் பிரம்மாண்டமாகப் பூத்து, காய் முற்றியதும் செத்துவிடும். தென்கிழக்கு ஆசியாவில் சேகோ பனையைப் பூக்கும் முன்பே வெட்டி மாவு எடுப்பதும் இதனால்தான், பூத்துவிட்டால் தண்டில் மாவு மிஞ்சாது. நம் பனை அப்படிச் செலவாளி இல்லை, வருடா வருடம் அளவாகப் பூக்கும். அதையும் மனிதன் அளவாகத்தான் கேட்க வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொரு பருவத்திலும் சில மரங்களை ஏறாமல் விட்டுவிடுகிறார். எந்த மரத்தை விடுவது என்பதை உச்சியில் ஓலையின் செழிப்பைப் பார்த்து முடிவு செய்வாராம்.

நுங்குக்காகவும் சில பருவப்பனைகளைத் தொடாமல் வைத்திருக்கிறார். சீவிய பாளையில் நுங்கு வராது. நுங்கின் வழவழப்புக்கும் இனிப்புக்கும் போக வேண்டிய சர்க்கரைதான் கலயத்தில் விழுந்துவிட்டதே. முதல் வருடம் போனபோது, "பதநீர் குடிச்ச மரத்துலயே நுங்கும் வெட்டித் தாங்களேன் அண்ணாச்சி" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே கைகாட்டினார். ஒரு மரத்தில் கலயம் தொங்கியது, பக்கத்து மரத்தில் குலை தொங்கியது. பாடம் நடத்துகிறவளுக்கு அதைவிட நல்ல படம் வேண்டாம்.

பாளையைச் சும்மா விட்டிருந்தால் அந்தச் சுக்ரோஸ் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு நெல்லை வைத்துச் சொல்வேன். பூவுக்கு வந்து சேரும் சுக்ரோஸை இன்வர்டேஸ் என்ற நொதி குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். அதில் கொஞ்சம் சுவாசத்துக்கு, கொஞ்சம் செல்சுவர் கட்ட. இதழ் செல்களில் சேர்கிற சர்க்கரை தண்ணீரை உள்ளே இழுத்து இதழை விரியவைக்கும். ஒரு பங்கு மகரந்தத்துக்குள் போய் ஸ்டார்ச்சாக நிரம்பும். நெல்லில் கதிர் இன்னும் வெளிவராமல் பொதிக்குள், இலையுறைக்குள் இருக்கும்போது தண்ணீர் காய்ந்துவிட்டால் மகரந்தப்பையில் இந்த நொதியின் வேலை சுணங்கிப்போகிறது. சர்க்கரை வந்தாலும் உடைபடாமல் நிற்கும், மகரந்தம் நிரம்பாது, கதிர் பதராகிவிடும். தாமிரபரணிப் பாசனத்தில் விவசாயம் செய்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. பொதி நேரத்தில் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அந்த உடைபடுதலைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று போன வருடம் விடிலியிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். ஒன்று, புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கிய வழக்கமான பதநீர். இன்னொன்று சுண்ணாம்பு இல்லாமல் ஒரு சுத்தமான சின்னப் பாத்திரத்தில் அண்ணாச்சி எனக்காகப் பிடித்துத் தந்தது, பாதி பாட்டில்தான். மத்தியானம் ஆய்வகத்தில் இரண்டையும் வடிகட்டி, சர்க்கரையைச் சோதிக்கிற நீல நிறப் பெனடிக்ட் கரைசல் விட்டுச் சூடாக்கினோம். சுண்ணாம்புப் பதநீர் நீலமாகவே நின்றது, ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டியது. மற்றது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. காற்றிலிருந்தும் பாளையிலிருந்தும் சேர்ந்த ஈஸ்ட் அதற்குள் சுக்ரோஸை உடைத்துவிட்டது. சுக்ரோஸ் பெனடிக்ட்டோடு வினை புரியாது, குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் புரியும். வழியில் யாரோடும் சட்டென்று வினை புரியாத சர்க்கரை என்பதால்தான் பெரும்பாலான செடிகள் தூரப் பயணத்துக்குச் சுக்ரோஸை அனுப்புகின்றன, போய்ச் சேர்ந்த பிறகு உடைத்துக்கொள்கின்றன. நாலாவது பெஞ்சில் ஒரு பெண், "அப்போ சுண்ணாம்பு போட்டா பதநீர் இன்னும் வழியிலயே இருக்குன்னு அர்த்தமா மிஸ்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதைவிட அழகாக என்னால் சொல்ல வராது.

அந்தச் சுண்ணாம்புதான் கருப்பட்டியின் தரத்தையும் தீர்மானிக்கிறது. அளவாக இருந்தால் சாறு புளிக்காது, சுக்ரோஸ் உடையாது, காய்ச்சினால் கெட்டியாக உறையும். குறைந்துவிட்டால் உடைந்த சர்க்கரை ஈரத்தை இழுத்து, கருப்பட்டி பிசுபிசுக்கும். கூடிப்போனால் நாக்கில் காரம் தெரியும். அக்கா காய்ச்சுவதை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். காய்ந்த பனைமட்டைதான் விறகு. பொங்கி வழியாமலிருக்க இடித்த ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை. நுரை வெள்ளையிலிருந்து பழுப்புக்கு மாறி, பெரிய குமிழிகள் சின்னதாகி, கூப்பனி என்கிற பாகுப் பதம் தாண்டியதும் அக்கா துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். உருண்டை நின்றது. உடனே இறக்கிக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றிவிட்டார். அன்று பத்து லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்றே கால் கிலோ வந்தது. காலையில் நான் பார்த்த 13-க்கு அது சரியாகவே இருக்கிறது.

கருப்பட்டி கிலோ 380 ரூபாய். உடைத்தால் சத்தத்தோடு உடையும், உள்ளே சின்னச் சின்னப் பரல். வாயில் போட்டதும் முதலில் இனிப்பு, அப்புறம் லேசான புகை, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு உப்புச் சாயல். காபிக்குப் போட்டால் பால் திரியாமல் இருக்க, வடித்து ஆறவிட்டுச் சேர்க்கிறேன். மூன்று மாதம் பானையில் வைத்தும் கெடவில்லை. சுக்குக் கருப்பட்டியும் செய்கிறார்கள், காரம் நிறைவாக இருக்கிறது, என் அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.

இதற்கு முன் ஊரில் ஒரு கடையில் உடன்குடிக் கருப்பட்டி என்று சொல்லி வாங்கி ஏமாந்திருக்கிறேன். புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு என்பதால் அந்தப் பெயருக்கு மதிப்பு, அந்த மதிப்பில் சீனி கலந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைச் சர்க்கரை வாசனையோடு, வெளிறி, அழுத்தினால் மணல் மாதிரி உதிர்ந்தது. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் ரிஃப்ராக்டோமீட்டரால் அந்தக் கலப்பைக் கண்டுபிடிக்க முடியாது, பெனடிக்ட் கரைசலாலும் முடியாது. கரும்புச் சீனியும் சுக்ரோஸ், பனஞ்சர்க்கரையும் பெரும்பகுதி சுக்ரோஸ். பனையில் அதோடு வருகிற தாது உப்புகளும், அடுப்பில் சேர்ந்த நிறமும் மணமும்தான் வேறு. ஆகவே சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் கருப்பட்டிதானே என்று தாராளமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம், இரத்தத்தில் ஏறுவது அதே சர்க்கரைதான். கலப்படம் இல்லை என்று உறுதியாகத் தெரிய எனக்குத் தெரிந்த ஒரே வழி, காய்ச்சுகிற இடத்தில் போய் வாங்குவது.

குறைகளும் உண்டு. போன வைகாசியில் வாங்கிய இரண்டு கிலோவில் சுண்ணாம்பு கூடியிருந்தது, பாயசத்தில் போட்டபோது தெரிந்தது. அக்காவிடம் சொன்னபோது, அந்த வாரம் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் என்று வேறு ஆள் ஏறியதாகச் சொல்லி, மாற்றித் தந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றித் தருவதை நிறுத்தினால் நல்லது, ஓலைக்கொட்டானில் கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான். விடிலிக்குள் புகை அதிகம், ஆஸ்துமா இருப்பவர்கள் வெளியிலேயே நில்லுங்கள். போனில் ஆர்டர் எடுப்பதில்லை, கூரியரும் இல்லை. ஆடிக்குப் பிறகு போனால் பதநீர் கிடையாது, இருப்பு வைத்த கருப்பட்டி மட்டும் கிடைக்கும், ஐப்பசி மழையில் அதுவும் சற்று இளகியிருக்கும். பனங்கற்கண்டு செய்வதில்லை. அதற்குப் பாகு வாரக்கணக்கில் அசையாமல் கிடந்து படிகம் கட்ட வேண்டும், இருவர் செய்கிற விடிலியில் அதற்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை.

அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு. மகன் திருப்பூரில் இருக்கிறான், மரம் ஏறுவதில்லை. தேரியில் அவர் கைகாட்டிய பனைகளில் பாதிக்கு மேல் இப்போது யாரும் ஏறாதவை. அவற்றின் பாளைகள் முழுசாகப் பூத்து, காய்த்து, பழம் கீழே விழுந்து கிடக்கின்றன. மரத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, வெற்றிலை கனத்துக்குச் சீவுகிற அந்தக் கை அவரோடு நின்றுவிடக் கூடாது.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலும், கருப்பட்டி எடுத்துவர மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவும் கொண்டுபோங்கள். பதநீரை வீட்டுக்கு எடுத்துவர நினைத்தால் ஐஸ் பெட்டி வேண்டும், மத்தியானத்துக்குள் குடித்துவிட வேண்டும். வரும் சனிக்கிழமை நான் என் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரோடு போகிறேன். எட்டுப் பட்டை தனியாகப் பிடித்து வைக்கிறேன் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.